புது வீட்டுக்குப் புவிவெப்ப ஹீட் பம்ப்: தொட்டி எத்தனை லிட்டர்?

புது வீட்டுக்குப் புவிவெப்ப ஹீட் பம்ப் (நிலத்தடி வெப்பத்தை எடுத்து வீட்டையும் நீரையும் சூடாக்கும் இயந்திரம்) வைப்பதென்று முடிவுசெய்தவர்கள், ஆழ்துளை எவ்வளவு ஆழம் போக வேண்டும், எந்த இயந்திரத்தை வாங்குவது என்பதையெல்லாம் மாதக்கணக்கில் அலசுவார்கள். தொட்டி என்று வரும்போது மட்டும், வேலைக்கு வந்தவரிடம் "எத்தனை லிட்டர் போடலாம்?" என்று ஒரே வரியில் கேட்டு, அவர் சொல்லும் எண்ணை அப்படியே குறித்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் குறித்துக்கொண்டேன். முதல் குளிர்காலத்தில் ஓர் இரவு, கருவி அறையில் கடிகாரமும் நோட்டுப் புத்தகமுமாக உட்கார்ந்து, கம்ப்ரஸர் நான்கு நிமிடம் ஓடி நிற்பதையும், பத்து நிமிடம் கழித்து மறுபடி கிளம்புவதையும் பக்கம் நிறைய எழுதியபோதுதான், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றியது. வீட்டின் பரப்பளவைப் பார்த்துப் போட்டதாகப் பதில் வந்தது. தொட்டியின் அளவுக்கும் வீட்டின் பரப்பளவுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. எதோடு தொடர்பு உண்டு என்பதைக் கணக்கோடு கீழே விளக்குகிறேன்; பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

முதல் படி: எந்தத் தொட்டி என்று பிரித்துக்கொள்ளுங்கள்

"தொட்டி" என்ற ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு பொருள்களைக் குறிப்பதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். முதலாவது பஃபர் தொட்டி. வீட்டைச் சூடாக்கும் குழாய்களில் சுற்றிச்சுற்றி வரும் நீரின் ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருப்பது இது. அந்த நீர் மூடிய சுற்றில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் நீர், குளிக்கவோ குடிக்கவோ ஆகாது. இரண்டாவது வெந்நீர்த் தொட்டி. குழாயைத் திறந்தால் கைக்கு வரும் வெந்நீர் இதிலிருந்து வருகிறது. மூன்றாவது, டீசூப்பர்ஹீட்டர் (கம்ப்ரஸரின் மிச்ச வெப்பத்தை வெந்நீருக்கு எடுத்துத் தரும் துணைக்கருவி) உள்ள இயந்திரங்களுக்கு மட்டும் தேவைப்படும் முன்சூடாக்கும் தொட்டி. இவை மூன்றுக்கும் அளவு காணும் கணக்கு வேறு வேறு. ஒன்றின் கணக்கை இன்னொன்றுக்குப் போட்டால் விடை தற்செயலாகக்கூடச் சரியாக வராது.

உங்கள் இயந்திரம் நீரைச் சூடாக்கித் தரையடிக் குழாய்களுக்கோ ரேடியேட்டர்களுக்கோ (அறைச் சுவரோரம் நிற்கும் வெந்நீர்ப் பலகைகள்) அனுப்பும் வகையா, அல்லது காற்றைச் சூடாக்கிக் காற்றுக் குழல்கள் வழியாக அறைகளுக்குத் தள்ளும் வகையா என்பதை அடுத்துப் பாருங்கள். காற்றுவழி இயந்திரத்துக்குப் பஃபர் தொட்டி தேவையே இல்லை. உங்களுக்கு வேண்டியது வெந்நீர் சார்ந்த தொட்டிகள் மட்டும். அந்த வகை வைத்திருப்பவர்கள் அடுத்த நான்கு படிகளைத் தாண்டி ஆறாம் படிக்குப் போகலாம்.

இரண்டாம் படி: நான்கு எண்களைத் திரட்டுங்கள்

பஃபர் தொட்டிக் கணக்குக்கு நான்கு எண்கள் வேண்டும். மிகக் குளிரான நாளில் வீடு எவ்வளவு வெப்பத்தை இழக்கும் என்பது முதலாவது. இது அறை அறையாக, சுவர், ஜன்னல், கூரை, காற்றுக் கசிவு எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடப்பட்ட எண்ணாக இருக்க வேண்டும். சதுர மீட்டரை ஏதோ ஒரு எண்ணால் பெருக்கி வந்ததாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நன்றாகக் காப்பிடப்பட்ட புது வீடுகளின் வெப்ப இழப்பு பழைய வீடுகளோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. பழைய வீடுகளைப் பார்த்துப் பழகிய கண், புது வீட்டுக்குத் தேவைக்கு மேல் பெரிய இயந்திரத்தைத்தான் பரிந்துரைக்கும்.

இரண்டாவது, இயந்திரம் தரக்கூடிய மிகக் குறைந்த வெப்பம். ஒரே வேகத்தில் ஓடும் இயந்திரத்துக்கு இதுவும் அதன் முழுத் திறனும் ஒன்றே. இன்வெர்ட்டர் வகை இயந்திரம் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 8 கிலோவாட் இயந்திரம் இரண்டரை கிலோவாட் வரை இறங்கக்கூடும். எவ்வளவு இறங்கும் என்பது தயாரிப்பாளரின் அட்டவணையில் இருக்கும், விளம்பரத் தாளில் இருக்காது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அட்டவணையில் பெரிதாக அச்சிடப்பட்ட திறன், பெரும்பாலும் நிலத்திலிருந்து வரும் திரவம் 0 டிகிரியிலும், வீட்டுக்குப் போகும் நீர் 35 டிகிரியிலும் இருக்கும்போது அளந்தது. குளிர் குறைந்த மாதங்களில் நிலத்துத் திரவம் சற்று வெதுவெதுப்பாக வருவதால், 8 என்று எழுதியிருக்கும் இயந்திரம் 9, 10 கிலோவாட் வரை தந்துவிடும். தொட்டி தேவைப்படுவதோ அந்த மாதங்களில்தான்.

மூன்றாவது, தனியாகத் திறந்து மூடக்கூடிய பகுதிகளில் மிகச் சிறியதற்கு, மிதமான குளிர் நாளில் எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பது. பெரும்பாலான வீடுகளில் இந்த இடம் குளியலறையாக இருக்கும். நான்காவது, இயந்திரம் கிளம்பும் வெப்பநிலைக்கும் நிற்கும் வெப்பநிலைக்கும் நடுவே விடப்போகும் இடைவெளி. 30 டிகிரியில் கிளம்பி 35 டிகிரியில் நின்றால் இடைவெளி 5 டிகிரி.

மூன்றாம் படி: பஃபர் தொட்டிக்குக் கணக்கு

பஃபர் தொட்டி வெப்பத்தைச் சேமிப்பதற்கான வங்கி அல்ல. இயந்திரம் தரும் வெப்பம், அந்த நேரத்தில் வீடு கேட்கும் வெப்பத்தைவிட அதிகமாக இருக்கும்போது, மிஞ்சியதைச் சில நிமிடங்களுக்கு ஏந்திக்கொள்வதே அதன் வேலை. அது இல்லையென்றால், குழாய்களில் இருக்கும் கொஞ்ச நீர் சட்டென்று சூடேறி, இயந்திரம் நின்றுவிடும். நீர் ஆறியதும் மீண்டும் கிளம்பும். அடிக்கடி கிளம்பி நிற்கும் கம்ப்ரஸருக்கு, குளிர்பதனக் குழாய்களுக்குள் போன எண்ணெய் திரும்பி வந்து சேர நேரம் கிடைப்பதில்லை. ஒற்றை வேகக் கம்ப்ரஸர் கிளம்பும் கணத்தில் வழக்கமான மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கை இழுக்கிறது. கிளம்பிய முதல் சில நிமிடங்களில் அதன் திறனும் குறைவு. ஆகவே ஒரு தடவை கிளம்பினால் பத்து நிமிடமாவது ஓட வேண்டும் என்பதைக் குறைந்தபட்ச இலக்காக வைத்துக்கொள்ளலாம்.

ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.19 கிலோஜூல் வேண்டும். ஒரு கிலோவாட் ஒரு நிமிடத்தில் 60 கிலோஜூல் தருகிறது. 60ஐ 4.19ஆல் வகுத்தால் 14.3. இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் சூத்திரம் கையில் இருக்கிறது: ஓட வேண்டிய நிமிடங்களை, மிஞ்சும் கிலோவாட்டால் பெருக்கி, 14.3ஆல் பெருக்கி, டிகிரி இடைவெளியால் வகுத்தால் தொட்டியின் லிட்டர் கிடைக்கும். மிஞ்சும் கிலோவாட் என்பது இயந்திரம் தருவதிலிருந்து வீடு எடுத்துக்கொள்வதைக் கழித்தது.

என் வீட்டின் எண்களையே போட்டுப் பார்ப்போம். வீட்டின் வெப்ப இழப்பு 7 கிலோவாட், இயந்திரம் ஒற்றை வேகம், 8 கிலோவாட். மிதமான நாளில் குளியலறை மட்டும் வெப்பம் கேட்டால் அரை கிலோவாட் எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது ஏழரை. 10 நிமிடம், 5 டிகிரி இடைவெளி என்றால், 10 பெருக்கல் 7.5 பெருக்கல் 14.3, வகுத்தல் 5. விடை சுமார் 215 லிட்டர். இடைவெளியை 8 டிகிரியாக விரித்தால் 134 லிட்டர் போதும்; ஆனால் அதற்கு நீரை இன்னும் மேலே சூடாக்க வேண்டும், அதற்கு மின்சாரத்தில் விலை கொடுக்க வேண்டும்.

இப்போது அதே வீட்டில் இரண்டரை கிலோவாட் வரை இறங்கும் இன்வெர்ட்டர் இயந்திரம் இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். மிஞ்சுவது 2 கிலோவாட் மட்டும். தொட்டி 57 லிட்டராகச் சுருங்கிவிடுகிறது. கூடவே, முன்னறைக்குத் தனித் தெர்மோஸ்டாட் வைக்காமல் எப்போதும் திறந்தே விட்டு, குளியலறையும் முன்னறையும் சேர்ந்து 2 கிலோவாட் எடுத்துக்கொள்ளும்படி செய்தால், மிஞ்சுவது அரை கிலோவாட். தேவை 14 லிட்டர். அந்த அளவு நீர் தரையடிக் குழாய்க்குள்ளேயே இருக்கிறது: 12 மில்லிமீட்டர் உள்விட்டம் கொண்ட குழாயில் 100 மீட்டருக்கு 11 லிட்டருக்கு மேல் நிற்கும். அதாவது, ஒரே பரப்பளவுள்ள ஒரே வீட்டுக்கு 215 லிட்டர் தொட்டியும் சரி, தொட்டியே இல்லாமலும் சரி. பரப்பளவைப் பார்த்து எண் சொல்பவரை நான் ஏன் நம்புவதில்லை என்பது இப்போது புரிந்திருக்கும்.

இன்னொரு சோதனையையும் செய்துவிடுவது நல்லது. ஒரு தடவையில் மிகக் குறைந்த நேரம் ஓடுவது, வீடு மிகக் குறைவாகக் கேட்கும்போது. ஒரு மணி நேரத்தில் மிக அதிகத் தடவை கிளம்புவதோ, வீடு இயந்திரத்தின் திறனில் சரிபாதியைக் கேட்கும்போது. 215 லிட்டர் நீரை 5 டிகிரி உயர்த்த 1.25 கிலோவாட் மணி வேண்டும். குளியலறை மட்டும் திறந்திருந்தால் இயந்திரம் பத்து நிமிடம் ஓடி, இரண்டரை மணி நேரம் ஓய்வெடுக்கும். வீடு 4 கிலோவாட் கேட்டால், கிட்டத்தட்ட 19 நிமிடம் ஓடி, 19 நிமிடம் நிற்கும்; அப்போதும் மணிக்கு இரண்டு தடவைக்கும் குறைவாகவே கிளம்பும். மணிக்கு ஆறு தடவைக்கு மேல் கிளம்பக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. அதற்கு வெகு கீழே நிற்கிறோம்.

கட்டைவிரல் கணக்குகளைப் பற்றி ஒரு சொல். கிலோவாட்டுக்கு 20 லிட்டர் என்பார் ஒருவர். டன்னுக்கு பத்து கேலன் என்பார் இன்னொருவர். இங்கே டன் என்பது எடை அல்ல, இயந்திரத்தின் திறனை அளக்கும் அலகு; ஒரு டன் சுமார் மூன்றரை கிலோவாட், பத்து அமெரிக்க கேலன் சுமார் 38 லிட்டர், ஆகவே கிலோவாட்டுக்கு 11 லிட்டர் வருகிறது. முதல் கணக்கில் என் வீட்டுக்கு 160 லிட்டர், இரண்டாவதில் 88. இரண்டுமே என் குளியலறையைப் பற்றிக் கேட்கவில்லை. தோராயமாக ஒரு எண்ணைச் சரிபார்க்க இவை உதவும், முடிவெடுக்க உதவாது.

நான்காம் படி: தொட்டியைப் பெரிதாக்கும் முன் தேவையைச் சிறிதாக்குங்கள்

வீடு இன்னும் வரைபடத்தில் இருக்கும்போதே இந்தக் கட்டுரையைப் படிக்கிறீர்கள் என்றால், உங்கள் கையில் பெரிய வசதி இருக்கிறது. அளவுக்கு மீறிப் பெரிய இயந்திரம் என்ற நோய்க்குத்தான் பெரிய தொட்டி மருந்தாகக் கொடுக்கப்படுகிறது; நோயே வராமல் பார்த்துக்கொள்ளலாம். அறைக்கு ஒரு தெர்மோஸ்டாட் என்று பத்துப் பகுதிகளாக வீட்டைத் துண்டாடாமல், மூன்று நான்கோடு நிறுத்திக்கொண்டு, பெரிய பகுதி ஒன்றை வால்வு இல்லாமல் திறந்தே விடுங்கள்.

அதற்கான காரணம் உங்கள் காலடியிலேயே இருக்கிறது. 100 சதுர மீட்டர் தரையில் 6 சென்டிமீட்டர் கனத்துக்குப் போடப்படும் சிமென்ட் பூச்சு பன்னிரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ளது. அதன் வெப்பநிலை ஒரே ஒரு டிகிரி உயர்ந்தால் ஏறத்தாழ 3 கிலோவாட் மணி வெப்பம் அதற்குள் அடங்கிவிடும். நாம் மேலே கணக்கிட்ட 215 லிட்டர் தொட்டி 5 டிகிரி உயர்ந்து ஏந்திக்கொள்வதைப் போல இது இரண்டரை மடங்கு. அறையில் இருப்பவருக்கு அந்த ஒரு டிகிரி தெரியாது. காசு கொடுத்துப் போட்ட தரையே தொட்டியாக இருக்க, வால்வுகளை மூடி அதை வெளியே நிறுத்திவிட்டு, மூலையில் ஒரு இரும்புத் தொட்டியை நிறுத்துவதில் என்ன பொருள்? ரேடியேட்டர் வீடுகளில் இந்த வசதி கிடையாது; அங்கே தொட்டியை நம்பித்தான் ஆக வேண்டும்.

மின் கட்டணம் குறைந்த நேரத்தில் வெப்பத்தைச் சேர்த்து வைக்க ஆயிரம் லிட்டர் தொட்டி போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஆயிரம் லிட்டரை 10 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் 11.6 கிலோவாட் மணி சேரும். என் வீட்டுக்குக் கடுங்குளிரில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகவே தாங்கும். அனுப்பும் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் இயந்திரத்தின் மின்செலவு ஏறக்குறைய இரண்டு முதல் இரண்டரை சதவீதம் கூடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தப் பத்து டிகிரியிலேயே கட்டணச் சலுகையின் பெரும்பகுதி கரைந்துவிடும்.

ஐந்தாம் படி: குழாய் இணைப்பும் சென்சாரும்

தொட்டியின் மேல் எழுதியிருக்கும் லிட்டர் முழுவதும் வேலை செய்வதில்லை. என் வீட்டில் இருந்தது 120 லிட்டர் தொட்டி. நான்கு நிமிட ஓட்டத்தையும் பத்து நிமிட ஓய்வையும் வைத்துச் சூத்திரத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தபோது, அது 65 லிட்டர் தொட்டியைப் போல நடந்துகொள்வது தெரிந்தது. காப்புறையை உரித்துப் பார்த்தால், வெந்நீர் உள்ளே வரும் வாய்க்கு ஒரு சாண் கீழே, நீரின் வெப்பநிலையை அளந்து இயந்திரத்துக்குச் சொல்லும் சென்சார் ஒட்டுநாடாவால் தொட்டியின் வெளிச் சுவரில் கட்டப்பட்டிருந்தது. மேல் பாதி சூடானதுமே "போதும்" என்று அது சொல்லிவிட, கீழ்ப் பாதி குளிர்ந்தபடியே சும்மா நின்றிருக்கிறது. சென்சாருக்கென்றே தொட்டியின் கீழ்ப்பக்கம் ஒரு குழல் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. வெப்பம் கடத்தும் பசையைத் தடவி அதை அங்கே செருகிய அன்றிரவு, ஒவ்வோர் ஓட்டமும் ஏழு நிமிடத்தைத் தாண்டியது. புதுத் தொட்டி வாங்கவில்லை.

இணைப்பு முறைகளில் நான்கு வாய் இணைப்பு பரவலானது: இயந்திரத்தின் பம்ப் ஒரு பக்கம் தன் சுற்றை ஓட்டும், வீட்டின் பம்ப் மறுபக்கம் தன் சுற்றை ஓட்டும். இரண்டு சுற்றுகளின் ஓட்டமும் ஒன்றாக இல்லையென்றால் தொட்டிக்குள் கலப்பு நடக்கும். 8 கிலோவாட்டை 5 டிகிரி வித்தியாசத்தில் கொண்டுபோக நிமிடத்துக்கு 23 லிட்டர் வேண்டும். வீட்டின் பம்ப் 30 லிட்டர் இழுத்தால், மீதி 7 லிட்டரைத் திரும்பி வரும் ஆறிய நீரிலிருந்து எடுத்துக்கொள்ளும். இயந்திரம் 35 டிகிரியில் தரும் நீர் வீட்டுக்குள் 34க்கும் கீழேதான் போய்ச் சேரும். அதை ஈடுகட்ட இயந்திரத்தை ஒரு டிகிரிக்கு மேல் உயர்த்த வேண்டும். ஆகவே இரண்டு பம்புகளையும் ஏறக்குறைய ஒரே ஓட்டத்துக்கு அமைக்கச் சொல்லுங்கள். சிறிய வீடுகளுக்கு, திரும்பும் குழாயில் தொடராக ஒரு சிறு தொட்டியை வைப்பது எளிமையானது, நான் விரும்புவதும் அதையே: கலப்பு இல்லை, இரண்டாவது பம்ப் இல்லை. எல்லாப் பகுதிகளும் மூடினாலும் இயந்திரத்துக்குக் குறைந்தபட்ச ஓட்டம் கிடைக்க, திறந்த பகுதி ஒன்றோ, மாற்றுவழி வால்வோ மட்டும் இருக்க வேண்டும்.

அதே இயந்திரத்தை வெயில் காலத்தில் குளிர்விக்கவும் பயன்படுத்துவீர்கள் என்றால், தொட்டியின் காப்புறையைப் பற்றி வாங்கும் முன்பே கேளுங்கள். காற்று 27 டிகிரியிலும் ஈரப்பதம் 60 சதவீதத்திலும் இருக்கும் அறையில், சுமார் 18 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பும் வியர்க்கும். வெந்நீருக்கான பஞ்சுக் காப்புறைக்குள் அந்த ஈரம் புகுந்து, வெளியில் தெரியாமல் தொட்டியை அரிக்கும். நீராவி புகாத, மூடிய நுண்ணறைகள் கொண்ட ரப்பர் நுரைக் காப்புறை, இடைவெளி இல்லாமல் ஒட்டப்பட்டதாக இருக்க வேண்டும்.

ஆறாம் படி: வெந்நீர்த் தொட்டி

இங்கே கணக்கு நிமிடங்களில் இல்லை, காலை நேர நெரிசலில் இருக்கிறது. நான்கு பேர் ஒருவர் பின் ஒருவராக எட்டு நிமிடம் ஷவரில் குளித்தால், நிமிடத்துக்கு 8 லிட்டர் வீதம் 40 டிகிரி நீர் 256 லிட்டர் ஆகிறது. சமையலறைக்கு 30 சேர்த்தால் 286. தொட்டியில் நீர் 50 டிகிரியில், வந்து சேரும் குளிர்நீர் 10 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், தொட்டியின் ஒவ்வொரு லிட்டரும் கலந்தபின் ஒன்றேகால் லிட்டருக்குச் சற்று மேலாகும். ஆனால் கடைசி கால் பங்கு, உள்ளே வரும் குளிர்நீரோடு கலந்து வெதுவெதுப்பாகிவிடுவதால், அதை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. முடிவில், 50 டிகிரித் தொட்டியின் ஒரு லிட்டருக்கு ஒரு லிட்டர் குளியல் நீர் என்று சுலபமான விகிதம் வந்துவிடுகிறது. அந்தக் குடும்பத்துக்கு 300 லிட்டர் தொட்டி.

தொட்டியை 60 டிகிரியில் வைத்தால் 230 லிட்டரே போதும். பிறகு ஏன் பெரிதாக வாங்க வேண்டும்? 35 டிகிரி நீரைத் தரும்போது ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நான்கு முதல் ஐந்து யூனிட் வெப்பம் தரும் இயந்திரம், 55 டிகிரியை நெருங்கும்போது மூன்றின் பக்கமாக இறங்கிவிடுகிறது. பல இயந்திரங்களால் 55க்கு மேல் போகவே முடியாது. மிதமான சூட்டில் பெரிய தொட்டி என்பதே ஹீட் பம்புக்கு ஏற்ற வழி.

ஆனால் இதில் அலட்சியமாக இருக்கக் கூடாத ஒன்று உண்டு. லீஜியோனெல்லா என்ற கிருமி 20 முதல் 45 டிகிரி வரையுள்ள தேங்கிய நீரில் பெருகும். 60 டிகிரியில் மடியும். அந்த நீரின் நுண்துளிகளை மூச்சோடு இழுத்தால் கடுமையான நிமோனியா வரக்கூடும். ஆகவே தொட்டியில் மின்சூடேற்றி ஒன்று இருக்க வேண்டும். அது குறிப்பிட்ட இடைவெளியில், பெரும்பாலும் வாரம் ஒரு முறை, தொட்டி முழுவதையும் அடி வரை 60 டிகிரிக்கு உயர்த்த வேண்டும். உங்கள் பகுதியின் கட்டட விதி எப்போதும் 60 டிகிரியே வேண்டும் என்றால் அதுவே முடிவு. 60 டிகிரி நீர் ஐந்தாறு வினாடிகளில் தோலைப் புண்ணாக்கும். எனவே தொட்டியிலிருந்து வெளியேறும் இடத்தில் தானாகக் கலக்கும் வால்வு கட்டாயம்.

லிட்டரை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் ஏமாறும் இடம் தொட்டிக்குள் இருக்கும் சுருள்குழாய். 70, 80 டிகிரி நீரை அனுப்பும் பாய்லர்களுக்காகச் செய்யப்பட்ட தொட்டிகளில் சுருளின் பரப்பு ஒரு சதுர மீட்டரை ஒட்டியே இருக்கும். ஹீட் பம்ப் அனுப்புவது 55 டிகிரி நீர். அவ்வளவு சிறிய சுருளால் அந்த வெப்பத்தைத் தொட்டி நீருக்குள் இறக்க முடியாது. இயந்திரம் தன் வெப்பத்தை எங்கும் கொட்ட முடியாமல் அழுத்தம் ஏறி நின்றுவிடும். தொட்டியோ 42 டிகிரியிலேயே கிடக்கும். கிலோவாட்டுக்குக் கால் சதுர மீட்டர் என்பதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். 8 கிலோவாட் இயந்திரத்துக்கு 2 சதுர மீட்டர். கோடையில் அதன் திறன் கூடும் என்பதால் இரண்டரை அல்லது மூன்று இருந்தால் நிம்மதி.

300 லிட்டரை 10 டிகிரியிலிருந்து 50க்கு உயர்த்த ஏறக்குறைய 14 கிலோவாட் மணி வேண்டும். 8 கிலோவாட் இயந்திரம் ஒன்றே முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அந்த நேரம் முழுவதும் வீட்டுக்கு வெப்பம் போகாது. தரையடிக் குழாய் உள்ள வீட்டில் அது யாருக்கும் தெரியாது. ரேடியேட்டர் வீட்டில் தெரியும், எனவே அங்கே வெந்நீர் சூடாக்கும் வேலையைப் பின்னிரவுக்கும் பிற்பகலுக்கும் தள்ளிவையுங்கள்.

ஒரே தொட்டியில் மேலே குளிக்கும் நீருக்கான சூடு, கீழே வீட்டுக்கான மிதமான சூடு என்று இரண்டையும் அடக்கும் கூட்டுத் தொட்டிகளும் விற்கப்படுகின்றன. இடம் மிச்சம் என்பது உண்மைதான். மேலே 50, கீழே 35 என்ற அடுக்கு, பம்ப் வேகமாக நீரைத் தள்ளும் ஒவ்வொரு முறையும் குலையும். குலைந்தால் வீட்டுக்கான நீரையும் தேவையில்லாமல் சூடாக்கிக்கொண்டிருப்பீர்கள். சிறிய வீட்டுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

டீசூப்பர்ஹீட்டர் இருந்தால்

கம்ப்ரஸரிலிருந்து மிகச் சூடாக வெளியேறும் வாயுவின் மேல்மிச்ச வெப்பத்தை மட்டும் சிறு பம்ப் ஒன்றின் மூலம் வெந்நீருக்கு எடுத்துக்கொள்வது டீசூப்பர்ஹீட்டர். இயந்திரம் ஓடினால்தான் இதுவும் வேலை செய்யும்; அதுவும் மொத்த வெப்பத்தில் தோராயமாகப் பத்தில் ஒரு பங்குதான். இதை ஏற்கெனவே மின்சாரத்தால் சூடாகும் ஒரே தொட்டியோடு இணைத்தால், தொட்டி எப்போதும் சூடாகவே இருப்பதால், இது கொண்டுவரும் வெப்பத்தை வாங்கிக்கொள்ள அங்கே இடம் இருக்காது. அதனால்தான் மின் இணைப்பு இல்லாத முன்சூடாக்கும் தொட்டி. குளிர்நீர் முதலில் இதற்குள் வந்து, வெதுவெதுப்பாகி, பிறகு மின்சூடேற்றி உள்ள தொட்டிக்குப் போகும்.

இதன் அளவு, வீட்டின் ஒரு நாள் வெந்நீர்ச் செலவு. நால்வருக்குத் தலைக்கு 50 லிட்டர் வீதம் 200 லிட்டர். 10 கிலோவாட் இயந்திரம் ஒரு நாளில் எட்டு மணி நேரம் ஓடினால் டீசூப்பர்ஹீட்டர் 8 கிலோவாட் மணி தரும். 200 லிட்டரை 10 டிகிரியிலிருந்து 45க்கு உயர்த்த ஆகும் வெப்பமும் அதுவே. இதைவிடப் பெரிய தொட்டி வெதுவெதுப்பான நீரை அதிகமாகத் தேக்கி வைக்கும், வேறு நன்மை இல்லை. முன்சூடாக்கும் தொட்டியின் நீர் கிருமி பெருகும் வெப்பநிலையிலேயே நிற்கிறது என்பதால், அடுத்த தொட்டி 60 டிகிரியில் இருந்தே ஆக வேண்டும். உப்பு மிகுந்த நீராக இருந்தால் டீசூப்பர்ஹீட்டரின் மெல்லிய குழாயில் படிவு அடைத்துக்கொள்ளும். கழுவுவதற்கு இரண்டு பக்கமும் மூடும் வால்வுகளைப் பொருத்தும்போதே வைக்கச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: இடமும் எடையும்

300 லிட்டர் தொட்டி, நீரோடு சேர்த்து 400 கிலோ அளவுக்கு வரும். நான்கு சிறு கால்களில் நிற்கும் அந்த எடையைத் தளம் தாங்குமா என்று கட்டடப் பொறியாளரிடம் கேளுங்கள். 1.8 மீட்டர் உயரமும் 70 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தொட்டியைப் படுக்க வைத்துக் கொண்டுவந்து நிமிர்த்த, கூரைக்குக் கீழே 1.93 மீட்டர் வேண்டும், ஏனென்றால் நிமிரும்போது அதன் மூலைவிட்டமே கூரையில் இடிக்கும். தொட்டியைத் துருவிலிருந்து காக்கும் மெக்னீசியக் கம்பி மேலிருந்து செருகப்படும் வகை என்றால், அதை உருவி மாற்ற மேலே இன்னும் இடம் தேவை. நீர் 10 டிகிரியிலிருந்து 60க்குப் போகும்போது 1.7 சதவீதம் விரியும். 300 லிட்டருக்கு அது 5 லிட்டர். அதற்கு விரிவுக்கலனும், அழுத்தம் மீறினால் திறக்கும் பாதுகாப்பு வால்வும், அந்த வால்வின் நீர் போக வடிகாலும் வேண்டும்.

கடைசிப் படி: முதல் குளிர்காலத்தில் அளந்து பாருங்கள்

கடுங்குளிர் நாளில் சோதிக்க வேண்டாம். அன்று இயந்திரம் எப்படியும் நில்லாமல் ஓடும். வெளியே லேசாகக் குளிரும் ஒரு மாலையில், குளியலறையைத் தவிர எல்லாப் பகுதிகளையும் மூடிவிட்டு, கம்ப்ரஸர் கிளம்பும் நேரத்தையும் நிற்கும் நேரத்தையும் மூன்று சுற்றுகளுக்குக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கில் வந்த நிமிடங்களைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால், முதலில் சென்சார் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அடுத்து, கட்டுப்பாட்டுப் பலகையில் இடைவெளி உண்மையிலேயே 5 டிகிரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பல இயந்திரங்கள் தொழிற்சாலையிலிருந்து 2, 3 டிகிரியோடு வருகின்றன, 2 டிகிரி இடைவெளியில் 215 லிட்டர் தொட்டி நான்கு நிமிடத்தில் நிரம்பிவிடும். பிறகு பம்ப் ஓட்டம், அதன் பிறகு வடிகட்டியில் அடைப்பு. இவை அனைத்தும் சரியாக இருந்தும் நிமிடங்கள் குறைவாகவே வந்தால்தான், அந்த நோட்டுப் புத்தகத்தோடு தொட்டி போட்டவரை அழைக்க வேண்டும்.